ஏற்றத்தில் மட்டும் இழுவை போகும் டீசல் வண்டி

கேள்வி: என்னுடையது 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப். காமன் ரெயில், மேனுவல் கியர். 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் சுமார் 2 டன் டிரெய்லரை இழுக்கிறது. ஆறு மாதமாக ஒரு தொல்லை. நீண்ட ஏற்றத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஏறியதும் திடீரென இழுவை போய்விடுகிறது. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டுவதில்லை. சில நாள் செக் என்ஜின் லைட் எரிகிறது, சில நாள் எரிவதில்லை. ஓரம் கட்டி நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. டிரெய்லர் இல்லாமல் ஒருநாளும் இப்படி வந்ததில்லை. டீசல் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும் மாற்றினோம். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் போட்டு எரர் கோடுகளை அழித்துவிட்டு, "டர்போ போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டர்போ கெட்டிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கெட்டிருக்கிறது என்று சொல்ல இதுவரை யாரிடமும் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். தண்டு தேய்ந்து, இறக்கை உறையில் உரசும் டர்போ, ஓரமாக நிறுத்தி ஓய்வு கொடுத்தால் குணமாகாது. டிரெய்லர் இல்லாத நாளிலும் சத்தம் போடும், ஆயில் குடிக்கும், நீலப் புகை தள்ளும். உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. டர்போவில் வந்து வந்து போகிற கோளாறும் ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கும் முழு டர்போவை மாற்றுவது முதல் வேலை அல்ல.

எனக்கு மிகவும் வேண்டிய தகவலை நீங்கள் இரண்டே சொல்லில் தாண்டிவிட்டீர்கள்: "கொஞ்ச நேரம்". அது எவ்வளவு நேரம்? அரை நிமிடமா, கால் மணி நேரமா? வண்டி படுத்துக்கொண்ட நேரத்தில் யாருக்கும் ஆத்திரம்தான் வரும், கடிகாரம் பார்க்கத் தோன்றாது. ஆனால் இழுவை எப்படிப் போனது என்பதைவிட எப்படித் திரும்பி வந்தது என்பதுதான் இங்கே துப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் டீசல் என்ஜின்களோடு மல்லுக்கட்டுகிறேன். வந்து வந்து போகிற கோளாறில் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

அடுத்த முறை வந்தால் இப்படிச் செய்யுங்கள். வளைவில் நிற்காமல், பின்னால் வருபவர்களுக்குத் தெரிகிற நல்ல இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். ஹசார்டு விளக்கு, ஹேண்ட் பிரேக், நியூட்ரல். என்ஜினை அணைக்காதீர்கள். மூன்று நிமிடம் ஐடிலில் ஓடட்டும். முழு லோடில் ஏறி வந்த டர்போ கொதித்துக்கொண்டிருக்கும், சட்டென்று சாவியைத் திருகினால் உள்ளே நின்றுபோன ஆயில் கருகும். அதனால் எப்படியும் அந்த ஐடில் தேவை. மூன்று நிமிடம் கழித்து, அணைக்காமலே மறுபடி ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள்.

இழுவை திரும்பிவிட்டதா? அப்படியானால் ஏதோ ஒரு பௌதிகமான தடை தானாக விலகியிருக்கிறது. டீசல் வரத்து திணறி, தேவை குறைந்ததும் மீண்டிருக்கலாம், அல்லது சூடு தணிந்திருக்கலாம். திரும்பவில்லையா? இப்போது சாவியை ஆஃப் செய்து ஒரு நிமிடம் விடுங்கள். சில வண்டிகளில் மெயின் ரிலே மின்சாரத்தைத் துண்டிக்கவே பல விநாடிகள் ஆகும், அதற்குள் திருகினால் சோதனை வீண். பிறகு ஸ்டார்ட் செய்து ஓட்டுங்கள். உடனே பழைய பலம் வந்தால், அதைப் பிடித்து வைத்திருந்தது ஈசியு, அதாவது என்ஜினை ஆளும் கணினி. ஏதோ ஒரு சென்சாரின் கணக்கு ஒத்துப்போகாமல், என்ஜினைக் காப்பாற்ற, பலத்தைக் குறைத்து ஓட்டும் லிம்ப் மோடுக்குப் போயிருக்கிறது. சாவி ஆஃப் ஆனதும் அந்தத் தடை உத்தரவும் நீங்கிவிட்டது. இரண்டுக்கும் மசியாமல், கால் மணி நேரம் ஆறிய பிறகுதான் உயிர் வருகிறது என்றால், சூட்டின் பக்கம் தேட வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. டீசல் வரத்து குறைந்தாலே ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்கெல்லாம் பொதுவான குழாயில் உள்ள டீசல் அழுத்தம், விழும், அதைப் பார்த்து ஈசியு லிம்ப் மோடு போடும். அப்போது சாவியை ஆஃப் செய்து போட்டதும் சரியாகிவிட்டதுபோலத் தெரியும், ஆனால் கோளாறு மின்சாரத்தில் இல்லை. இதைப் பிரித்தறிய இடைவெளியைப் பாருங்கள். முதல் முறை பதினைந்து நிமிடத்தில் வந்தது, மறுபடி கிளம்பியதும் ஐந்து நிமிடத்தில், அடுத்து இரண்டு நிமிடத்தில் என்று குறுகிக்கொண்டே போனால் டீசல் பக்கம்தான். புகையையும் பாருங்கள். இழுவை போகும்போது கண்ணாடியில் கரும்புகை தெரிந்தால் டீசல் போதுமானது இருக்கிறது, காற்றுதான் குறைகிறது. புகையே இல்லாமல் சோர்ந்துபோனால் டீசல் குறைகிறது. டிபிஎஃப் என்கிற புகைக் கரி ஃபில்டர் உள்ள வண்டியில் இந்தத் துப்பு கிடைக்காது, கரியை அது விழுங்கிவிடும்.

டிரெய்லர் இல்லாமல் வராததும் மாயம் இல்லை. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 4 டன் என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 40 கிலோவாட் வேண்டும். காற்றும் டயரும் தின்பதைச் சேர்த்தால் 55-ஐத் தொடும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, நல்ல டீசல் என்ஜின் அதில் 40 சதவீதத்துக்குள்தான் வேலையாக மாற்றும். கணக்குப் போட்டால் மணிக்கு 15 லிட்டர் அளவில் எரிகிறது. ஐடிலில் அதே என்ஜின் மணிக்கு ஒரு லிட்டர்கூடக் குடிக்காது. டிரெய்லர் இல்லாமல் அதே மேட்டில் பாதிதான் செலவு. அதோடு எரிகிற டீசல் மட்டும் ஃபில்டர் வழியாகப் போவதில்லை. பம்ப்பையும் இன்ஜெக்டரையும் சுற்றி டேங்க்குக்குத் திரும்பும் டீசலும் அதே வழியாகத்தான் போயாக வேண்டும். அரைகுறையாக அடைத்த குழாய் பாதி வேலைக்கு ஈடுகொடுக்கும், முழு வேலையில் மாட்டிக்கொள்ளும். ஒர்க்ஷாப் வாசலில் நிற்க வைத்து ரேஸ் கொடுத்துப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும், ஏனென்றால் அங்கே என்ஜினுக்கு லோடே இல்லை.

என் சந்தேகம் முதலில் டீசல் பக்கம்தான் போகிறது. "பத்துப் பதினைந்து நிமிடம் ஏறியதும்" என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். சேர்ந்து சேர்ந்து வருகிற கோளாறு அது.

ஒரு வண்டி இப்படியே வந்தது. நான்கு பேர் கை வைத்து, ஃபில்டர், ஹை பிரஷர் பம்ப் வால்வு, ரெயில் சென்சார் எல்லாம் மாற்றியிருந்தார்கள். நானும் இரண்டு நாள் ஸ்கேனரை வைத்துக்கொண்டு சுற்றினேன். கடைசியில் டேங்க்கின் மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். டீசலுக்கு அடியில் நிலாத் துண்டுபோல ஏதோ மின்னியது. கொக்கி விட்டு எடுத்தால், டீசலில் கலக்கும் மருந்து டப்பாவின் வாயில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாள். யாரோ அதை முழுதாகக் கிழித்து எடுக்காமல் உள்ளே குத்தி ஊற்றியிருக்கிறார்கள். அது டேங்க்கில் மிதந்து திரிந்தது. உறிஞ்சு குழாயில் ஓட்டம் கூடும்போதெல்லாம் மெல்ல இழுபட்டு வந்து சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். என்ஜினை அணைத்ததும் இழுப்பு நின்று, தாள் கழன்று அடியில் விழும். வண்டியும் "ஒன்றுமே நடக்காததுபோல்" ஓடும். அந்தத் தாளின் நடுவில் சல்லடையின் வட்டம் அச்சு எடுத்தாற்போல் பதிந்திருந்ததை இன்னும் மறக்கவில்லை. கசடு, துணி நூல், டேங்க்கின் உள்பூச்சு உரிந்த செதில், தண்ணீர் நின்ற டீசலில் வளரும் கறுப்புக் கிருமிக் கூழ் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

அதனால் இப்படி வரிசையாகப் போங்கள். இழுவை போன அந்த நேரத்தில் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பிறகு வண்டி நன்றாக ஓடினால் டேங்க்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வராமல் டேங்க் வெற்றிடமாகி, பம்ப்போடு இழுபறி நடத்துகிறது. இதற்குச் செலவே இல்லை, அதனால் இது முதலில். அடுத்து டேங்க்கில் எவ்வளவு டீசல் இருக்கும்போது வருகிறது என்று குறித்து வையுங்கள். பாதிக்குக் கீழே போனபிறகுதான் வருகிறது என்றால் உறிஞ்சு குழாயில் விரிசல் இருக்கலாம், டீசல் மட்டம் இறங்கியதும் விரிசல் வெளிப்பட்டுக் காற்றை இழுக்கும். டீசல் குறைவாக இருந்தால் ரிட்டர்னில் வரும் சூடான டீசலும் சீக்கிரம் டேங்க்கைச் சூடாக்கிவிடும். சூடான டீசல் நீர்த்துப்போகும், தேய்ந்த பம்ப்பிலும் இன்ஜெக்டரிலும் கசிவு கூடும்.

பிறகு ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் லோ பிரஷர் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு, டீசலுக்குத் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒன்றைப் போடுங்கள். ஸ்டார்ட் செய்தபிறகு முதல் சில விநாடி குமிழி வரலாம். என்ஜின் சூடாகி, ரேஸ் கொடுக்கும்போதும் குமிழி ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது: ஃபில்டர் ஓரிங், ஹேண்ட் பிரைமர், நீர் வடியும் திருகு, குழாய் மூட்டு. டேங்க்குள் பம்ப் இல்லாத வண்டியில் இங்கே டீசல் வெளியே ஒழுகாது. உறிஞ்சும் பக்கம் என்பதால் காற்றுதான் உள்ளே போகும். ஒழுகல் இல்லை என்று ஒர்க்ஷாப்பில் சொன்னால் அதை இந்தப் பகுதிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபில்டர் மாற்றியபின் தொல்லை வந்ததா, மாற்றுமுன்பே இருந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள். மாற்றிய ஃபில்டரின் ஓரிங் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான் அடிக்கடி பார்க்கும் விஷயம். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடவில்லை என்றால் அதை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். டேங்க்குக்குள் என்ன இருக்கிறது என்று அது சொல்லிவிடும்.

டீசல் பக்கத்துக்கு ஒரே அடியில் தீர்ப்பு சொல்லும் சோதனையும் இருக்கிறது. டேங்க்கை விட்டுவிட்டு, சுத்தமான டீசல் நிரப்பிய கேன் ஒன்றைப் பின்பக்கத் தொட்டியில் ஆடாமல் கட்டி, அதிலிருந்து ஃபில்டருக்குக் குழாய் கொடுத்து, ரிட்டர்னையும் அந்தக் கேனிலேயே விட்டு, டிரெய்லரோடு அதே ஏற்றத்தில் ஏறுவது. கோளாறு காணாமல் போனால் டேங்க், சல்லடை, நடுவிலுள்ள குழாய், டேங்க்குள்ளே பம்ப் இருந்தால் அந்தப் பம்ப், இவற்றில் ஒன்று. டேங்க்குள் பம்ப் உள்ள வண்டி என்றால் கேன் சோதனைக்கும் அதே அளவு தள்ளும் பம்ப் ஒன்று வேண்டும். கோளாறு அப்படியே இருந்தால் ஃபில்டருக்கு முன்னால், டேங்க் பக்கம் உள்ளவற்றை மறந்துவிடலாம். கேனை என்ஜின் பக்கத்திலோ கேபினுக்குள்ளோ வைக்காதீர்கள். இதை டீசல் வேலை தெரிந்தவர் செய்யட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹை பிரஷர் பக்கத்தில், என்ஜின் ஓடும்போது எந்த நட்டையும் தளர்த்தக் கூடாது. பழைய பம்ப் காலத்து மெக்கானிக்குகள் நோசில் பைப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் தொழில் பழகினேன். காமன் ரெயிலில் ஐடிலிலேயே 250 முதல் 400 பார் வரை இருக்கும், முழு லோடில் 1,600 பாரையும் தாண்டும். ஊசித்துளை அளவு பீச்சினாலும் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசுக்கடி மாதிரிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும் காயம் அது. அப்படிப் பட்டால் வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தது இந்தக் கோளாறுக்குத் தேவைப்பட்டிருக்காது. செய்தாகிவிட்டது. எந்த சிலிண்டரிலிருந்து எடுத்ததை அதே சிலிண்டரில் போட்டார்களா, அடியிலுள்ள செம்பு வாஷரைப் புதிதாகப் போட்டார்களா என்று மட்டும் கேளுங்கள். பல வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித் திருத்தக் கோடு உண்டு, அது ஈசியுவில் சிலிண்டர் வாரியாகப் பதிந்திருக்கும். இடம் மாறினால் கோடும் மாற வேண்டும்.

இனி காற்றுப் பக்கம். ஐடிலில் பிசிறில்லாமல் ஓடி, லோடில் மட்டும் "பூஸ்" என்று ஒரு சத்தமும் கரும்புகையும் வந்தால் ஹோஸ்தான். டர்போவிலிருந்து, அதன் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் தடித்த ரப்பர் ஹோஸ்களை அடிப்பக்கமாகக் கை விட்டுத் தடவிப் பாருங்கள். மேலே கண்ணுக்குத் தெரிகிற பாகம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அடியில், கிளிப்புக்குப் பக்கத்தில், விரலில் ஈரமாக ஆயில் ஒட்டி அதில் மண் பிடித்து கறுப்பாகக் குழைந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. டர்போ காற்றோடு எப்போதும் சிறிது ஆயில் ஆவி போகும், கசிவு உள்ள இடத்தில் அது படியும். நிற்கும் வண்டியில் விரிசல் மூடியே இருக்கும். உள்ளே ஒரு பாருக்கு மேல் அழுத்தம் ஏறி ஹோஸ் உப்பும்போதுதான் மீன் வாய்போலத் திறக்கும். புகை மெஷினால் சோதித்தால்கூட அழுத்தம் போதாமல் சில நேரம் பிடிபடாது. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ஹோஸில் கதை தலைகீழ். பழசாகி இளகிப்போனால், முழு லோடில் டர்போ இழுக்கும் இழுப்பில் உறிஞ்சுகுழல்போல ஒட்டிக்கொள்ளும். சில ஹோஸ்களில் உள்பூச்சு மட்டும் உரிந்து நாக்குப்போல வழியை மறைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புதிது.

டர்போவில் வந்து போகிற கோளாறு ஒன்று உண்டு என்றேன் அல்லவா? உங்கள் வண்டியில் உள்ளது பெரும்பாலும் விஜிடி, அதாவது உள்ளே இதழ்கள் திரும்பி வெளிப்புகையின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை. கரி படிந்தால் இதழ்கள் ஓரிடத்தில் பிடித்துக்கொள்ளும். ஈசியு கேட்பது ஒரு பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்), கிடைப்பது வேறு. மிஞ்சினால் பி0234, குறைந்தால் பி0299 என்று கோடு பதியும், உடனே லிம்ப் மோடு. ஐடிலில் மூன்று நிமிடம் நின்றாலும் திரும்பாது, சாவியை ஆஃப் செய்தால் திரும்பும். இந்த அடையாளம் உங்கள் வண்டியில் சரியாகப் பொருந்தினால் ஒர்க்ஷாப்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அப்போதும் முதலில் இதழ்களை அசைக்கும் கம்பி இந்த எல்லையிலிருந்து அந்த எல்லைவரை தங்குதடை இல்லாமல் போய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கம்பியை வெற்றிடத்தால் இழுக்கும் வாக்குவம் ஆக்சுவேட்டர் என்றால் கையால் இயக்கும் வாக்குவம் பம்ப் வைத்துப் பார்த்துவிடலாம். அந்த மெல்லிய வாக்குவம் குழாய் சூட்டில் வெடித்திருப்பதும், கட்டுப்படுத்தும் சோலினாய்டு வால்வு சூடானதும் சோம்புவதும் முழு டர்போவைவிட அடிக்கடி நடக்கிறது. எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் என்றால் ஸ்கேனரில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். குளிர்ந்த டர்போவில் ஒருமுறை, நன்றாகச் சூடான டர்போவில் ஒருமுறை. சூட்டில் மட்டும் பிடிக்கிற இதழ், காலையில் வைத்துப் பார்த்தால் நல்ல பிள்ளையாக அசையும்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூலன்ட் சூடு எல்லை தாண்டினால் ஈசியு தானே பலத்தைக் குறைக்கும். பல வண்டிகளில் டாஷ்போர்டு முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள், அதை நம்பாமல் ஸ்கேனரில் உண்மையான எண்ணைப் பாருங்கள். ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் பூச்சியும் தூசியும் பஞ்சுபோல் அடைத்திருக்கிறதா என்று, முன்னால் இருந்து அல்ல, இரண்டுக்கும் இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். விஸ்கஸ் ஃபேன் என்றால் சூடு ஏறும்போது இரைச்சலோடு பிடிக்க வேண்டும். டிபிஎஃப் இருந்தால் கரி அளவையும் முன்பின் அழுத்த வித்தியாசத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த சென்சாருக்குப் போகும் சிறு ரப்பர் குழாய் வெடித்தாலே தப்புக் கணக்கு வரும்.

டிரெய்லரோடு மட்டும் வருகிற கோளாறு என்பதால் டிரெய்லரையே சந்தேகிக்க மறக்கக் கூடாது. இரண்டு விஷயம். ஏறி முடித்து நின்றதும் டிரெய்லரின் ஒவ்வொரு சக்கர மையத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அதன் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் இறுகுகிறது. என்ஜின் நன்றாகத்தான் இருக்கும், வேலைதான் கூடிப்போயிருக்கும். இரண்டாவது, டிரெய்லர் விளக்கு வயரிங். பலரும் பிரேக் லைட் வயரில் நேராகக் கிள்ளி இணைத்துவிடுகிறார்கள். டிரெய்லர் பிளக்கில் எர்த் சரியில்லை என்றால் இண்டிகேட்டர் கரன்ட் வேறு வழியில்லாமல் பிரேக் லைட் வழியாகத் திரும்பி ஓடும். சில வண்டிகளில் அதை ஈசியு "பிரேக் மிதித்திருக்கிறார்" என்று படித்துக்கொள்ளும். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் சேர்ந்து மிதிபட்டால் பலத்தைக் குறைக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம், அதைத்தான் செய்யும். ஸ்கேனரில் பிரேக் சுவிட்ச் நிலையை வைத்துக்கொண்டு, பிரேக்கைத் தொடாமல், ஒவ்வொரு விளக்காகப் போட்டு பிளக்கை ஆட்டிப் பாருங்கள். இன்னொன்று, லோடில் என்ஜின் தன் மவுண்ட்டில் ஒரு பக்கமாக முறுகும். அப்போது இழுபடும் வயர் கட்டு எங்கேயாவது பிராக்கெட்டில் உரசி இன்சுலேஷன் தேய்ந்திருக்கலாம், என்ஜினிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் பட்டை தளர்ந்திருக்கலாம்.

கிளட்ச் வழுக்கல் இல்லை என்று நினைக்கிறேன். வழுக்கினால் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாது, கருகிய வாடை வரும். உங்களுக்கு ஆர்பிஎம்மே ஏறவில்லை.

இத்தனையையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கோளாறு நடக்கும்போதே அதைப் பதிவு செய்துவிட்டால் முக்கால்வாசி சந்தேகம் தானே கழன்றுவிடும். ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட்டில் ப்ளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகி, ஃபோனில் ஒரு ஆப் போட்டால் போதும், உங்கள் வண்டியின் எண்களை அது படிக்கிறதா என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோனைப் பார்க்கப் பக்கத்து சீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால் பதிவு நிதானமாகி, நடந்ததே விட்டுப்போகும். நான் கேட்பது ஆக்சிலேட்டர் பெடல் சதவீதம், ரெயில் பிரஷர் கேட்டதும் கிடைத்ததும், பூஸ்ட் கேட்டதும் கிடைத்ததும், ஆர்பிஎம், கூலன்ட் சூடு. இவ்வளவுதான். பூஸ்ட் எண் பெரும்பாலும் வெளிக்காற்றையும் சேர்த்துக் காட்டும். சாவி ஆன், என்ஜின் ஆஃப் என்ற நிலையில் கடல்மட்டத்துக்கு அருகில் 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், மேலே ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு 11 அளவில் குறையும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் 130 காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது.

பதிவைப் படிப்பது கடினமில்லை. ரெயில் பிரஷர் கேட்டதும் கிடைத்ததும் கைகோத்து ஏறிவந்து, கிடைத்தது மட்டும் முதலில் நழுவி, பின்னால் பூஸ்ட் விழுந்தால் டீசல் பக்கம், கோடு பி0087 ஆக இருக்கும். ரெயில் பிரஷர் கேட்டதும் கிடைத்ததும் ஒட்டியே இருக்க, பூஸ்ட் முதலில் விலகினால் ஹோஸ் அல்லது விஜிடி. கேட்டதும் கிடைத்ததும் இரண்டும் ஒரே நேரத்தில், சேர்ந்தே, கத்தியால் வெட்டியதுபோல் கீழே விழுந்தால் ஈசியுவே கேட்பதை நிறுத்திவிட்டது. சூடு, பிரேக் சுவிட்ச், பெடல் சென்சார் என்று அந்த வரிசையில் தேடுங்கள். பெடல் நூறில் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். மூன்றிலும் எது முதலில் விலகியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கடைசியில் எல்லாமே விழுந்திருக்கும்.

ஒர்க்ஷாப்பில் கோடுகளை அழித்தது எனக்குப் பிடிக்கவில்லை. கோடு பதிந்த விநாடியில் ஆர்பிஎம், சூடு, லோடு எல்லாம் என்னவாக இருந்தன என்று ஈசியு ஒரு ஃப்ரீஸ் ஃப்ரேமில் எழுதி வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். லைட் எரியாத நாளிலும் தற்காலிகக் கோடு உள்ளே காத்திருக்கலாம். இனிமேல் யார் ஸ்கேனர் போட்டாலும் முதலில் திரையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், அழிப்பதெல்லாம் பிறகு.

டேங்க் மூடி, ஹோஸ், டிரெய்லர் சக்கரம் இந்த மூன்றையும் நீங்களே இந்த வாரம் பார்த்துவிடலாம். மூன்று நிமிட ஐடில் சோதனையையும் பதிவையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பெடல், ரெயில், பூஸ்ட் வரைகோடுகள் ஒரே திரையில் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள். அப்போது டேங்க்கில் எவ்வளவு டீசல் இருந்தது, நின்று எத்தனை நிமிடத்தில், சாவியைத் திருகியா திருகாமலா இழுவை திரும்பியது என்றும் மறக்காமல் எழுதுங்கள்.